மச்சம் விட்ட ரோசா

நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் என் அக்காவின் மகள் யாழினி, வந்த மூன்றாம் நாளே எங்கள் முற்றத்தில் ரோசா வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஐந்து கன்றுகள் வாங்கி நட்டும் விட்டாள். அடுத்தது பசளை. யாழ்ப்பாண நகரத்தில் விவசாயப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், மிருகத்திலிருந்து வந்த எதுவும் கலக்காத பசளை வேண்டும் என்று கேட்டாள். யாழினி பாலும் தொடாதவள், தேனும் தொடாதவள். வந்த அன்று அவளுக்கு நான் பால்தேத்தண்ணி போட்டுக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

கடைக்காரப் பெண் பொறுமைசாலி. சாணிப் பசளைப் பை ஒன்றை எடுத்து வைத்தார். யாழினி வேண்டாம் என்றாள். கோழி எரு வந்தது. அதுவும் வேண்டாம். "சாணி சைவம்தானே பிள்ளை, நல்ல நாளுக்கு வீடே மெழுகிறம்" என்று கடைக்காரப் பெண் சொல்ல, "அதுவும் மாட்டிலையிருந்துதானே அன்ரி வருது" என்று இவள் சொல்ல, இரண்டு பேரும் தீர்ப்புக்காக என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் அந்தப் பெண் மூலையில் கிடந்த எள்ளுப் பிண்ணாக்குச் சாக்கின் வாயை அவிழ்த்தார். காறலும் புளிப்புமான அந்த மணம் எழும்பியதும் எனக்குக் கடை மறந்துபோயிற்று. இதே வழக்கை முப்பது வருடத்துக்கு முன் ஒருதரம் நான் விசாரித்திருக்கிறேன். அப்போது சாணி சைவம்தான் என்று அடித்துச் சொன்னவன் நான்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. புத்தூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பசளைக் களஞ்சியத்துக்கு நான் பொறுப்பாளர். பதவியைக் கேட்டு மயங்க வேண்டாம். அது யுத்தமும் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையும் சேர்ந்த காலம். வடக்குக்குக் கொண்டுவரக் கூடாத பொருட்களின் பட்டியலில் பற்றரியோடும் பெற்றோலோடும் பசளையும் இருந்தது. யூரியாவிலிருந்து குண்டு செய்துவிடுவார்கள் என்பது காரணம். ஆகவே நான் பசளை இல்லாத பசளைக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். பருத்தித்துறையிலிருந்து காலையில் சைக்கிள் மிதித்து வந்து, பெரிய இரட்டைக் கதவைத் திறந்து, கதிரையில் இருந்து, வருகிறவர்களுக்கு "இல்லை" என்று சொல்வதுதான் உத்தியோகம். அதைச் சொல்வதற்கும் ஒரு ஆள் வேண்டும்தானே. சில வருடங்களுக்கு முன் நாடு முழுவதுக்கும் இரசாயனப் பசளை இல்லை என்று ஒரு காலம் வந்தபோது, தெற்கில் கமக்காரர்கள் கலங்கி நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் அனுபவம் உள்ளவன் என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

களஞ்சியத்தில் எனக்குத் துணை கந்தையா அண்ணை. தராசில் நிறுப்பவர். நிறுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் தராசு துருப்பிடிக்கக் கூடாது என்று அதன் மூட்டுகளுக்குத் தினமும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். பிறகு தானே ஏறி நின்று நிறுத்துப் பார்ப்பார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அறுபத்திரண்டு கிலோ இருந்தவர் வருடக் கடைசியில் ஐம்பத்தாறுக்கு வந்துவிட்டார். தராசில் ஏதோ பிழை என்பார். பிழை தராசில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பசளை போய்விட்டாலும் அதன் நெடி போகவில்லை. சுவரிலும் சீமெந்துத் தரையிலும் ஊறிக் கிடந்தது. வெங்காயம் செய்கிறவர்கள் சிலர் வாசலில் வந்து நின்று, பகிடிக்கு ஒருதரம் மூச்சை உள்ளே இழுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பெரிய கட்டடத்தில் உண்மையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சாக்கு. எலும்புத்தூள். தடைக்கு முன் தெற்கிலிருந்து வந்தது. மண்ணில் மெதுவாகத்தான் வேலை செய்யும், மணமும் பொல்லாதது என்பதால் அதை யாரும் தொடவில்லை. யூரியா இல்லை என்று அழுகிற கமக்காரன்கூட அதைத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

ஒரு வியாழக்கிழமை காலை அந்த அம்மா வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். மெலிந்த உடம்பு, நீலக்கரைச் சேலை, கையில் குடை. எனக்கு முன்னால் நின்ற நாலைந்து கமக்காரர்களும் வழக்கமான "இல்லை"யை வாங்கிக்கொண்டு ஒதுங்கியதும், முன்னுக்கு வந்து மெல்லிய குரலில் ரோசாவுக்குப் போட ஏதாவது பசளை இருக்குமா என்று விசாரித்தார். ஊரே வெங்காயத்துக்கு யூரியா தேடி அலைகிறது, இவருக்கு ரோசாவுக்குப் பசளை வேண்டுமாம். ஒதுங்கி நின்றவர்கள் சிரித்தார்கள். கந்தையா அண்ணை வாய்விட்டே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நல்ல மனத்தினால் என்று நினைக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருவருக்கு "இருக்கு" என்று சொல்லும் பாக்கியம் எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்திருந்தது. அந்தச் சந்தோசத்தில் எலும்புத்தூள் சாக்கை இழுத்து முன்னுக்கு வைத்து, பூக்கிற மரத்துக்கு இதைவிடத் திறமான சாமான் இல்லை என்று விளக்கமும் கொடுத்தேன்.

எலும்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் ஒரு அடி பின்னால் போனார். மச்சம் கலக்காததாகப் பார்த்துத் தரும்படி கேட்டார். மச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் மீனும் இறைச்சியும். மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு என்று குசினியில் பிரித்து வைக்கிற ஊர்தான் எங்களுடையது. மீன் கழுவின தண்ணீரைக் கறிவேப்பிலை மரத்துக்கும் வாழைக்கும் ஊற்றுவோம், துளசிக்கு ஊற்ற மாட்டோம். ஆனால் பசளையில் மச்சமும் சைவமும் பார்த்த ஆளை நான் கண்டதில்லை. இளரத்தம் பாருங்கள், சாப்பிடப்போவது மரமா நீங்களா என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. வாசலோரம் கிடந்த மர வாங்கில் இருந்து, சுருக்கமாகச் சொன்னார். கணவர் இல்லை. ஒரே மகன். வெளிநாட்டுக்கு ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் புறப்பட்டவன். இடையில் ஏதோ ஒரு நாட்டில் நிற்பதாக ஒரு கடிதம் போட்டிருக்கிறான். அதற்குப் பிறகு எட்டு மாதமாக ஒரு வரி இல்லை. அவன் கடிதம் வரும்வரை மச்சம் தொடுவதில்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் சொந்த முற்றத்து ரோசாப்பூ ஒன்றை அம்மாளாச்சி கோயிலுக்குக் கொண்டுபோய் வைப்பது என்று நேர்த்தி வைத்திருக்கிறார். அந்த ரோசாவை நட்டது மகன்தான். இப்போது மரம் சோர்ந்துவிட்டது, மொட்டுக் கட்டுவதில்லை. போன வெள்ளி ஒரே ஒரு பூ, அதுவும் பாதி வாடியது. ஒரு வெள்ளி தவறிப்போனால் மகனுக்கு ஏதும் நடந்துவிடும் என்று பயந்துபோயிருந்தார். அந்தப் பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"நான் மச்சத்தை விட்டிட்டன் தம்பி" என்றார். "அந்தப் பூவைத்தானே அம்மாளாச்சிக்குக் கொண்டு போறன். அதுக்கு எலும்பைக் குடுத்துப்போட்டு, நான் விரதம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அவர் போனபிறகு கந்தையா அண்ணை இன்னொரு விஷயம் சொன்னார். அவருக்கு அந்த அம்மா இருந்த ஒழுங்கையில் உறவுக்காரர் இருந்தார்கள். இந்த அம்மா நண்டு காய்ச்சினால் நாலு வீட்டுக்கு மணக்குமாம், வெள்ளிக்கிழமையைத் தவிர மீன் இல்லாமல் ஒருநாளும் சோறு இறங்காத மனுசியாம். சிரித்ததற்காகக் கந்தையா அண்ணை வருந்துகிறார் என்று எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அவர் ரோசா அம்மா.

அடுத்த வியாழனிலிருந்து நான் ரோசா வைத்தியன். பசளைக்குப் பொறுப்பாளர் என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டுமே. உண்மையில் எனக்கு ரோசா பற்றி ஒன்றும் தெரியாது. பருத்தித்துறைக் கடற்கரை வெளியில் வளர்ந்தவனுக்குத் தெரிந்த பூ எருக்கலம்பூ. முதலில் சாணி போடச் சொன்னேன். சாணி மச்சமா சைவமா என்ற கேள்வி அன்றைக்குத்தான் எழுந்தது. பசு உயிரோடு நின்று தருவது, அதை வதைத்து எடுப்பதில்லை, ஆகவே சைவம் என்று நானே தீர்ப்புச் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். மரம் தளதளவென்று இலை தள்ளியது. பூவைக் காணவில்லை. அந்த வெள்ளி விடியும்வரை ஒரு மொட்டு வாயைத் திறக்காமல் நின்று, காலை வெயிலுக்குத்தான் விரிந்ததாம். இனிச் சாணி வேண்டாம் தம்பி என்று வந்து சொன்னார்.

பிறகு பிண்ணாக்கு. அந்த நாளில் எள்ளுப் பிண்ணாக்கு மாட்டுக்கே கிடைக்காது. கந்தையா அண்ணை தன் மாட்டின் பங்கிலிருந்து ஒரு கட்டியை வாழைச்சருகில் சுற்றிக் கொண்டுவந்து, ரோசா அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தராசுக்கு எண்ணெய் விடப் போனார். அதை மூன்று நாள் ஊறவைத்து ஊற்றச் சொன்னேன். பூவரசம் இலையையும் கிளுவங்குழையையும் ஒரு பீப்பாயில் அழுகவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். வாழைப்பழத் தோல், வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை என்று குசினியில் மிஞ்சுவதெல்லாம் ரோசாவின் காலடிக்குப் போனது. பனம்மட்டை எரித்த சாம்பலும் போனது. சாம்பல் எங்கள் மண்ணுக்குக் கூடாதாம். கீழே சுண்ணாம்புக்கல் கிடக்கிற மண்ணில் ரோசாவுக்குச் சாம்பல் போட்டால் இலை மஞ்சளாகிவிடும் என்று யாழினி இப்போது ஏதோ கடதாசியை மண்ணில் நனைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். முப்பது வருடம் பிந்திவிட்டது.

சாதாளை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கடற்கரையில் ஒதுங்கும் கடல்தாவரத்தை நாங்கள் சாதாளை என்போம். தென்னைக்கும் புகையிலைக்கும் நல்ல பசளை. அது செடிதானே, சந்தேகமில்லாத சைவம் என்று எண்ணி, ஒரு சாக்கு நிறைய அள்ளி, உப்புப் போக நன்னீரில் கழுவி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். வழிநெடுக நாய்கள் துரத்தின. அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். ரோசா அம்மா சாதாளையைக் களஞ்சியத்துச் சீமெந்தில் பரப்பிவைத்துக் கிளறினார். முதலில் சின்னச் சிப்பிகள் வந்தன, அவற்றைப் பொறுக்கி ஒரு பக்கம் வைத்தார். பிறகு கூனி இறால், இரண்டு மூன்று. கடைசியில் விரல் நீளத்தில் ஒரு மீன்குஞ்சு. அதை வாலில் பிடித்துத் தூக்கி என்னிடம் காட்டினார். கந்தையா அண்ணை தராசில் ஏறி நின்றுகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் முள்ளு நிற்கவே இல்லை. ரோசா அம்மாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

எது கைகொடுத்தது என்று எனக்குத் தெரியாது. பிண்ணாக்கோ, இலைத்தண்ணியோ, மாரி மழையோ. மரம் மொட்டுக் கட்டத் தொடங்கியது. வெளிர்சிவப்புப் பன்னீர் ரோசா அது. வியாழன் தோறும் வந்து, நாளைக்கு ஒன்று விரியும், அதற்கடுத்த வெள்ளிக்கு இரண்டு நிற்கிறது என்று செய்தி சொல்லிவிட்டுப் போவார். எதுவும் வாங்குவதில்லை, வாங்க எங்களிடம் எதுவும் இல்லை. மகனைப் பற்றிப் பேசும்போது "தம்பி" என்பார், என்னையும் "தம்பி" என்பார். எங்கள் பக்கத்துத் தாய்மார் பிள்ளையை அப்படித்தான் சொல்வார்கள். கடிதம் வந்ததா என்று நான் கேட்பதில்லை. வந்தால் சொல்வார்தானே என்று விட்டுவிட்டு, இலையில் புள்ளி இருக்கிறதா, தளிர் சிவப்பா பச்சையா என்று மட்டும் கேட்பேன். ஒன்றரை வருடம் இப்படிப் போனது. ஒரு வெள்ளியும் தவறவில்லை.

அதன்பிறகு எனக்கு மலேரியா பிடித்தது. மருந்துக் குளிசை இல்லாத காலம். பருத்தித்துறையில் பாயோடு பாயாக ஒன்றரை மாதம் கிடந்து, எழும்பி நடக்க முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். அன்று காலை என்னைக் கண்டதும் கந்தையா அண்ணை தராசில் ஏறச் சொன்னார். எவ்வளவு என்று நான் சொல்லப்போவதில்லை. நான் கதிரையில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ரோசா அம்மா வந்து நின்றார். வியாழக்கிழமை அல்ல, செவ்வாய்க்கிழமை.

"அந்த எலும்புத்தூள் இன்னும் கிடக்கோ தம்பி?" என்று கேட்டார்.

நேர்த்தி முடிந்தாயிற்று, மச்சம் திரும்ப வந்துவிட்டது என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தானே. அவ்வளவு சந்தோசப்பட்ட நாள் அந்த வருடங்களில் எனக்கு வேறு இல்லை. கதிரையை விட்டு எழும்பி, "கடிதம் வந்திட்டுதோ அம்மா? வரும் எண்டு எனக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். கந்தையா அண்ணை தராசுப் பக்கத்திலிருந்து கையைக் காட்டினார். அதுவும் சந்தோசத்தில்தான் என்று நினைத்தேன்.

"ஓம் தம்பி, வந்தது" என்றார் ரோசா அம்மா. "கூடப்போன பெடியன் எழுதினவன்."

மிச்சத்தை வாங்கில் இருந்து சொன்னார். மாரிகாலத்தில் இரவோடு இரவாக ஏதோ ஒரு ஆற்றைக் கடந்திருக்கிறார்கள், மகன் மறுகரை ஏறவில்லை. ஆற்றின் பெயர் கடிதத்தில் இருந்ததாம், அவருக்கு வாயில் வரவில்லை. அது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவர் எங்களிடம் வந்து மொட்டுக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலம் பெரும்பாலும் மகன் இல்லாத காலம். செய்தி வந்த நாளிலிருந்து எண்ணி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்திருக்கிறார்கள். வழக்கமாக அதைச் செய்யும் கீரிமலைக்குப் போக முடியாத யுத்த வருடங்கள் அவை, வேறொரு கடற்கரையில் செய்தார்களாம். அந்தியேட்டி முடிந்தால் இறந்தவருக்கு விருப்பமான மச்சக்கறி காய்ச்சிப் படைத்து வீட்டாரும் சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்.

"நேற்று அவனுக்கு விளைமீன் காய்ச்சிப் படைச்சனான்" என்றார். "நானும் சாப்பிட்டன். இனி அந்த மரத்தை மட்டும் ஏன் பட்டினி போடுவான்?"

எலும்புத்தூள் ஈரத்தில் கட்டிபட்டிருந்தது. கந்தையா அண்ணை பொல்லால் தட்டி உடைத்து, அவருடைய துணிப்பையில் நிரப்பிக் கட்டிக்கொடுத்தார். நிறுக்கவில்லை. எப்படிப் போட வேண்டும் என்று நான் சொன்னேனா இல்லையா என்பது நினைவில்லை. சொல்லியிருப்பேன். எனக்கு வாயில் வருவது அது ஒன்றுதான். எனக்கு முன்கூட்டியே சொல்லியிருப்பாராம் கந்தையா அண்ணை, என் கோலத்தைப் பார்த்துவிட்டு மத்தியானம் சொல்லலாம் என்று பின்போட்டாராம். நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ரோசா அம்மா களஞ்சியத்துக்கு வரவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து அந்த ஒழுங்கைக்குப் போய்வந்த கந்தையா அண்ணை, மரம் என்றைக்கும் இல்லாதபடி பூத்துக் கொட்டுகிறது, பறிப்பார் இல்லை என்றார். அடுத்த வருடம் இராணுவம் முன்னேறி வர, புத்தூரும் சேர்ந்து வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. கந்தையா அண்ணை போன இடத்திலேயே காலமானார். களஞ்சியத்துக்குக் கூரை போய், பிறகு கதவு போய், பிறகு சுவரும் போய், இப்போது அந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை இருக்கிறது.

இதையெல்லாம் யாழினிக்குச் சொன்னேன். அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அவள் போன கிழமை என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு புத்தூருக்குப் போனாள். ஒழுங்கை இருந்தது. கிளுவை வேலிகள் போய் இரண்டு பக்கமும் உயர்ந்த மதில்கள், பூட்டிய கேற்றுகள். வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளாம். ஒரு வளவில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த என் வயதுக்காரர் ஒருவர் எழும்பி வந்து, யார் வீடு தேடுகிறீர்கள் என்று விசாரித்தார். முற்றத்தில் ரோசா வைத்திருந்த அம்மா, புருசன் இல்லாதவர், நன்றாக நண்டு காய்ச்சுவார் என்றேன். ரோசா எல்லா வீட்டிலும் இருந்தது என்றார் அவர். ஒரே மகன், வெளிநாட்டுக்குப் போகிற வழியில் ஆற்றில் போய்விட்டான் என்றேன். இந்த ஒழுங்கையில் மட்டும் அப்படிப் போய்ச் சேராதவர்கள் மூன்று பேர் என்றார்.

"மகன்ரை பேரைச் சொல்லுங்கோ" என்றார். "பேரைச் சொன்னால் வீட்டைக் காட்டிவிடுவன்."

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரோசா அம்மா ஒன்றரை வருடம் வியாழன் தவறாமல் வந்திருக்கிறார். இலை என்ன நிறம், எத்தனை மொட்டு, எந்தப் பக்கத்துக் கிளை என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் பெயரை நான் கேட்கவில்லை.